கம்பியில் குத்தி வைத்த கடிதங்கள்

2019-ல் போகிக்கு முந்தின நாள். காரைக்குடிக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஊர் வீட்டை ஒழித்துக்கொண்டிருந்தோம். பரணிலிருந்து ஒரு டிரங்குப் பெட்டி இறங்கியது. அண்ணன் திறந்து பார்த்துவிட்டு, "எல்லாம் செல்லரிச்ச காயிதம். காலையில வாசல்ல போட்டுக் கொளுத்திரலாம்" என்றார். அவரைக் குறை சொல்ல முடியாது. மேலாகக் கிடந்தவை மக்கிப்போன மளிகைச் சீட்டுகளும் எலி கடித்த ஒரு பஞ்சாங்கமும்தான். நான் கையை விட்டுத் துழாவியபோது அடியில் ஏதோ குத்தியது. இழுத்துப் பார்த்தால் முழ நீளத்துக்கு ஒரு கம்பி. மேல் நுனி கொக்கியாக வளைந்திருந்தது, கீழே வட்டமாக ஒரு மரக்கட்டை. நடுவில் கடிதங்கள், ஒன்றன்மேல் ஒன்றாக, கம்பியே தெரியாத அளவுக்குக் குத்தி ஏற்றியிருந்தன.

வயதில் மூத்தவர்களுக்கு இந்தக் கம்பி நினைவிருக்கும். தபால் வந்ததும் படித்து, பதில் போட்டு, கம்பியில் குத்தித் தொங்கவிட்டுவிடுவார்கள். ரசீது, வரிச் சீட்டு, கல்யாணப் பத்திரிகை எல்லாம் அதில்தான். எங்கள் பெட்டியில் அப்படி இரண்டு கம்பிகள், அன்றாடக் கணக்கு எழுதிய, தைத்த நூல் விட்டுப்போன மூன்று சிட்டை நோட்டுகள், ஒரு மொய் நோட்டு, வெள்ளைத் துணியில் முடிந்து வைத்த சில புரோநோட்டுகள், கொஞ்சம் போட்டோக்கள் இருந்தன.

எங்கள் பக்கம் அப்பாவைப் பெற்றவரை ஐயா என்போம். என் ஐயா 1936-ல் ரங்கூனுக்குக் கப்பலேறி, முகல் தெருவில் ஒரு நகரத்தார் வட்டிக்கடையில் கணக்கெழுதப் போனவர். சம்பளச் சிட்டை, அதாவது வேலை ஒப்பந்தம், எழுதிக்கொண்டு போனால் மூன்று வருஷம் அங்கே இருக்க வேண்டும். ஒரு தவணை முடிந்து ஊர் வந்து, மறுபடியும் போய், அந்த இரண்டாம் தவணையில் யுத்தத்தில் மாட்டிக்கொண்டார். "பர்மாவிலிருந்து நடந்தே வந்தவர்" என்று வீட்டில் சொல்வார்கள். எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். 1983-ல் அவர் இறந்தபோது எனக்கு எட்டு வயது.

பெட்டியை மதுரைக்கு எடுத்து வந்தேன். வந்த அன்று ராத்திரியே, இன்றுவரை வருந்துகிற ஒரு காரியத்தைச் செய்தேன். முதல் கம்பியிலிருந்த கடிதங்களை ஒவ்வொன்றாக உருவி, யார் எழுதியது என்று பார்த்து, ஆள்வாரியாக அடுக்கினேன். அப்பத்தாவுக்கு ஐயா எழுதியவை ஒரு கட்டு, அவருடைய தம்பி எழுதியவை ஒரு கட்டு, கடைக்காரர்கள் எழுதியவை ஒரு கட்டு. பார்க்க ஒழுங்காகத்தான் இருந்தது. மறுநாள் படிக்க உட்கார்ந்தபோதுதான் தெரிந்தது, பாதிக் கடிதங்களில் தேதி இல்லை. சிலவற்றில் "மேற்படி ௴ ௰௫ ௳", அதாவது மேற்படி மாதம் 15-ம் நாள், என்று மட்டும் இருக்கிறது. மேற்படி மாதம் என்றால் எந்த மாதம்? அதற்கு முன்னால் வந்த கடிதத்தைப் பார்த்தால் தெரியும். கம்பியில் அடியில் இருப்பது பழையது, மேலே இருப்பது புதியது. ஐயாவும் அப்பத்தாவும் முப்பது வருஷம் கட்டிக் காத்த வரிசையை நான் ஒரே ராத்திரியில் கலைத்திருந்தேன்.

ஓரளவு மீட்க முடிந்தது. கம்பி துருவேறி, ஒவ்வொரு காகிதத்தின் ஓட்டையைச் சுற்றியும் பழுப்புக் கறை விட்டிருந்தது. அடுத்தடுத்து இருந்த காகிதங்களில் கறையின் வடிவம் ஒன்றுபோல இருந்தது. ஜன்னல் வெளிச்சத்தில் இரண்டிரண்டாக ஒப்பிட்டு, ஏறக்குறைய நாற்பது கடிதங்களைப் பழைய இடத்துக்குக் கொண்டுவந்தேன். மூன்று வாரம் ஆனது. மீதியை இன்னும் தேதி தெரியாதவை என்றுதான் வைத்திருக்கிறேன்.

அதனால் இரண்டாவது கம்பியையும் சிட்டை நோட்டுகளையும் தொடும்போது முறையை மாற்றிக்கொண்டேன். முதலில் பெட்டி எப்படி இருக்கிறதோ அப்படியே போட்டோ. அப்புறம் ஒவ்வொரு காகிதமாக எடுத்து, பின்பக்க மூலையில் மெல்லிய பென்சிலால் ஒரு எண். பேனா கூடாது, ஸ்டிக்கரும் கூடாது. ஒரு நீள நோட்டில் அந்த எண்ணுக்கு நேராக இது என்ன, எதற்கு அடியில் இருந்தது என்று ஒரு வரி. பிரிப்பதும் சேர்ப்பதும் இதற்கெல்லாம் பிறகுதான். ஆள்வாரியாகப் பார்க்க ஆசையாக இருந்தால் கம்ப்யூட்டரில் இருக்கும் படங்களை எப்படி வேண்டுமானாலும் அடுக்கிக்கொள்ளலாம், காகிதம் வந்த வரிசையிலேயே இருக்கட்டும். இந்த எண் போட்ட வேலை பின்னால் எவ்வளவு பெரிய உதவி செய்யப்போகிறது என்று அப்போது எனக்குத் தெரியாது.

இதற்கிடையில் ஊரில் ஒரு பேச்சு கிளம்பியிருந்தது. "பெட்டியைத் தூக்கிட்டுப் போயிருச்சே, பத்திரம் கித்திரம் இருக்குமோ?" என்று. முகத்துக்கு நேராக யாரும் கேட்கவில்லை. சித்தப்பா மட்டும் போனில் விசாரித்தார், குரலில் ஒரு இழுவை இருந்தது. பெண்பிள்ளை பழைய காகிதத்தைத் தேடுகிறாள் என்றால் சொத்துக்குத்தான் என்று நினைக்கிற ஊர். எனக்கு முதலில் கோபம் வந்தது. யோசித்துப் பார்த்தால் அவர்கள் பயத்திலும் நியாயம் இருந்தது. எல்லோரையும் கூட்டிவைத்துத் திறந்திருக்க வேண்டிய பெட்டி அது.

மாசியில் குலதெய்வம் கும்பிட எல்லோரும் கூடியபோது பெட்டியை ஊருக்கே கொண்டுபோனேன். வளவில் பாய் விரித்து, பட்டியலைப் படித்து, ஒவ்வொன்றாகக் காட்டினேன். நிலம் சம்பந்தமாக இருந்த ஆறு காகிதங்களை அங்கேயே சித்தப்பாவிடம் ஒப்படைத்து, பட்டியலில் கையெழுத்து வாங்கிக்கொண்டேன். நகல் எல்லோருக்கும். அதற்குப் பிறகு நடந்ததை நான் எதிர்பார்க்கவில்லை. தேவகோட்டைச் சித்தி தன் வீட்டிலிருந்த ஐயாவின் மூக்குக்கண்ணாடிக் கூட்டையும் அதற்குள் மடித்து வைத்திருந்த இரண்டு கடிதங்களையும் கொண்டுவந்து கொடுத்தார். சொத்து ஆவணங்களைத் தனியாகப் பிரித்து உரியவரிடம் கொடுத்துவிட்டால் மற்றக் காகிதங்கள் தானாக நம்மைத் தேடி வருகின்றன.

ஒரு சிக்கல் வந்தது. ஐயாவின் ஜாதகம். போனவர் ஜாதகத்தை வீட்டில் வைக்கக் கூடாது, கிழித்து ஆற்றில் விட வேண்டும் என்று பெரியவர்கள் சொன்னார்கள். நான் விவாதம் செய்யவில்லை. பிறந்த வருஷம், ஊர், பெற்றோர் பெயர் எல்லாம் இருந்த பக்கத்தைப் படமெடுத்துக்கொள்ள அனுமதி கேட்டேன், கொடுத்தார்கள். அசலை அவர்கள் முறைப்படி செய்தார்கள். அவர்களுக்கும் அது அவர்கள் ஐயாதானே.

இனி படிக்கிற கதை. எனக்குத் தமிழ் நன்றாகத் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஐயாவின் சிட்டையைத் திறந்தால் ஒரு பக்கம்கூட ஓடவில்லை. புள்ளி வைக்காத எழுத்து. 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய ணை, லை, றா எல்லாம் சுழித்த வடிவத்தில். கூடவே கணக்குக் குறிகள். ௵ என்றால் வருஷம், ௴ மாதம், ௳ நாள், ௶ பற்று, ௷ வரவு, ௸ மேற்படி, ௹ ரூபாய். எண்களும் தமிழ் எண்கள். கால் ரூபாய்க்கு 'வ' போல ஒரு குறி. எட்டேகால் என்று ஒருவரைத் திட்டினால் 'அவ' என்று பொருள் என்பார்களே, எட்டுக்கு 'அ', காலுக்கு 'வ', அதே கணக்குதான். இதைப் பிடிக்க எனக்கு ஒரு மாதம் ஆயிற்று. பிடித்த பிறகு, அரைக்கால் இரண்டு அணா, மாகாணி ஒரு அணா என்று பக்கம் பக்கமாகத் திறந்துகொண்டது. ரூபாய்க்குப் பதினாறு அணா, அணாவுக்கு 12 பை.

வருஷத்துக்கும் ஒரு திறவுகோல் வேண்டும். ஐயா இங்கிலீஷ் வருஷம் போடுவதே இல்லை. தாது, ஈசுவர, வெகுதானிய என்றுதான். அறுபது வருஷச் சுழற்சியில் ஒரே பெயர் திரும்ப வரும் என்பதால் எந்தச் சுற்று என்று தெரிய வேறு சாட்சி தேவை. தாது 1936 சித்திரையில் தொடங்கியது. அதிலிருந்து எண்ணினால் விசு 1941 சித்திரை முதல் 1942 பங்குனி வரை. சிட்டையில் விசு வருஷம் மார்கழியில் "குண்டு போட்டது, கடை அடைப்பு" என்று ஒரு வரி வருகிறது. ரங்கூனில் ஜப்பான் விமானங்கள் முதல் தடவை குண்டு வீசியது 1941 டிசம்பர் 23. இரண்டும் பொருந்தியபோது எனக்குக் கை நடுங்கியது.

தேதி இல்லாத காகிதத்துக்கு இப்படிச் சின்னச் சின்னத் துப்புகள் நிறைய உண்டு. முகவரியில் பின்கோடு இருந்தால் 1972 ஆகஸ்டுக்குப் பிற்பட்டது. நயா பைசா என்று இருந்தால் 1957 ஏப்ரலுக்குப் பிறகு, 1964-க்குள். அணா தபால்தலை என்றால் அதற்கும் முன்னால். அச்சடித்த படிவத்தில் சென்னை மாகாணமா, தமிழ்நாடா என்று பாருங்கள். ராமநாதபுரம் ஜில்லாவா, சிவகங்கையா என்று பாருங்கள், எங்கள் பகுதி 1985-ல்தான் பிரிந்தது. தபால் முத்திரை மங்கலாக இருந்தால் போனில் படமெடுத்து வெளிச்ச அளவைக் கூட்டிக் குறைத்துப் பார்த்தாலே பல தடவை தேதி தெரிந்துவிடுகிறது.

எழுத்தைப் படிப்பதற்கு நான் படிக்கலாம். பொருள் சொல்ல அத்தைதான் வேண்டியிருந்தது. அப்பாவின் மூத்த அக்கா, 1935-ல் பிறந்தவர். அப்போது 84 வயது. கண் மங்கல், நினைவு சுத்தம். முதல் தடவை போனை ரெக்கார்டில் போட்டுவிட்டு, "ஐயாவைப் பத்திச் சொல்லுங்க அத்தை" என்றேன். "நல்ல மனுசன்த்தா. என்னத்தச் சொல்ல" என்று முடித்துவிட்டார். அடுத்த தடவை கேள்வியே கேட்கவில்லை. ஒரு கடிதத்தை அவர் மடியில் வைத்து, முதல் வரியைப் படித்தேன். "இவ்விடம் யாவரும் க்ஷேமம், அவ்விடம் க்ஷேமத்துக்கு எழுதவும்." அவ்வளவுதான். ஒன்றரை மணி நேரம் பேசினார். அந்தக் கடிதம் வந்த அன்று வீட்டில் என்ன சமையல் என்பதுவரை.

வயதானவர்களிடம் கதை கேட்கப் போகிறவர்களுக்கு நான் சொல்வது இதைத்தான்: கையில் ஒரு பொருளைக் கொடுங்கள். காகிதம், போட்டோ, மொய் நோட்டு, எதுவானாலும். அப்புறம் குறுக்கே பேசாதீர்கள். தப்பாகச் சொன்னாலும் அந்த நேரத்தில் திருத்த வேண்டாம். ஒரு நாளைக்கு ஒரு மணி நேரம் போதும், அவர்களுக்கு ராத்திரி தூக்கம் கெட்டுவிடுகிறது. பேச்சின் தொடக்கத்தில் தேதியையும், கையில் இருக்கும் காகிதத்தின் எண்ணையும் சொல்லிப் பதிவு செய்யுங்கள். எங்கள் பதிவுகளில் முதல் எட்டில் நான் எண் சொல்லவில்லை. "இந்தா, இதுல இருக்கே" என்று அத்தை எதைக் காட்டினார் என்று இப்போது கேட்கும்போது தெரியவில்லை.

மொய் நோட்டு தனிப் புதையல். அத்தையின் கல்யாணம் 1953-ல். ஊர், பெயர், தொகை என்று நானூறு வரிகளுக்கு மேல். வம்ச வரிசை எழுத வேண்டுமானால் இதைவிட நல்ல ஆதாரம் எனக்குக் கிடைக்கவில்லை. தாய்மாமன் வரிசையில் யார், பங்காளி வரிசையில் யார், ரங்கூனிலிருந்து திரும்பியவர்கள் யார், எல்லாம் தொகையிலும் வரிசையிலும் இருக்கிறது. ஓரத்தில் ஒரு பெயருக்கு நேராகத் தொகை இல்லாமல் "நெல் இரண்டு மரக்கால்" என்று இருந்தது. அந்த வீட்டில் அந்த வருஷம் கையில் காசு இல்லை, ஆனாலும் வெறுங்கையோடு வரவில்லை என்றார் அத்தை.

புரோநோட்டுகள் விஷயத்தில் கவனம் வேண்டியிருந்தது. நாற்பது ரூபாய், அறுபது ரூபாய்க்கு எழுதிக் கொடுத்தவை, கைநாட்டோடு. மூன்று வருஷக் கெடு என்றோ தாண்டிவிட்டதால் சட்டப்படி அவை வெறும் காகிதம். ஆனால் கைநாட்டு வைத்தவர்களின் பேரன்மார் எங்கள் தெருவிலேயே இருக்கிறார்கள். "உங்க தாத்தா எங்க ஐயாகிட்ட கடன் வாங்கினவர்" என்று குடும்ப வாட்ஸ்அப்பில் யாராவது படம் போட்டால் என்ன ஆகும்? அவற்றைப் படமெடுத்துத் தனி உறையில் வைத்திருக்கிறேன், யாருக்கும் பகிரவில்லை. சில கடிதங்களில் பிற சாதியாரைப் பற்றி ஐயா எழுதியிருக்கும் வார்த்தைகளும் எனக்கு வலித்தன. அழிக்கவில்லை. அவர் எழுதியது அது, அந்தக் காலத்தில் எங்கள் வீடு பேசியதும் அது. வெட்டிவிட்டு நல்ல வரிகளை மட்டும் பிள்ளைகளுக்குக் கொடுத்தால் நான் பொய்யான ஒரு ஐயாவைக் கொடுத்தவளாவேன்.

இனி காகிதத்தைக் காப்பாற்றுவது. இதில் நாங்கள் செய்த சேதத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். அப்பா உயிரோடு இருந்தபோது, கடையில் ஐயாவை உட்காரவைத்து எடுத்த ஒரே ரங்கூன் படத்தை ஒரு கடையில் கொடுத்து லேமினேஷன் செய்து வைத்தார். பாதுகாப்பு என்று நினைத்துத்தான் செய்தார். சூட்டில் படத்தின் மேல்பூச்சு இளகி, ஒரு பக்கம் பிளாஸ்டிக்கோடு ஒட்டிக்கொண்டுவிட்டது. இனி பிரிக்க முடியாது. லேமினேஷன் திரும்ப எடுக்க முடியாத வேலை. பழைய காகிதத்துக்கும் படத்துக்கும் வேண்டவே வேண்டாம். அதேபோல செல்லோ டேப். கிழிசலில் ஒட்டினால் சில வருஷத்தில் பசை மஞ்சளாகி, எழுத்துக்குள் இறங்கி, டேப் மட்டும் உரிந்து வந்துவிடும். கிழிந்த கடிதத்தை ஒட்டாமல், இரண்டு துண்டையும் ஒரே உறையில் போட்டு வைத்தாலே போதும்.

குண்டூசி, ஸ்டேபிள் பின், ரப்பர் பேண்ட், எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். துருப்பிடித்த பின்னை நகத்தால் பிடுங்கினால் காகிதத்தோடு வரும். அடியில் ஒரு மெல்லிய பிளாஸ்டிக் துண்டைச் செருகி, பின்னின் கால்களை மெதுவாக நிமிர்த்தி எடுக்க வேண்டும். மடித்த கடிதத்தை வறண்ட நாளில் சட்டென்று விரித்தால் மடிப்பில் முறிந்துவிடும். தூசியை அகலமான மெல்லிய தூரிகையால் நடுவிலிருந்து ஓரத்துக்குத் தள்ளுங்கள். ஈரத் துணி ஆகாது. நனைந்த காகிதத்தை வெயிலில் காயவைக்கவும் கூடாது. விசிறிக் காற்றில், உறிஞ்சுதாள் இடையில் வைத்து, இரண்டு நாளைக்குள் உலர்த்திவிட வேண்டும். அதற்கு மேல் போனால் பூஞ்சை பிடிக்கும். 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையில் இருந்த என் சம்பந்தி வீட்டில் இரண்டு தலைமுறைக் காகிதங்கள் பாலிதீன் பைக்குள் நனைந்தே இருந்து கட்டியாகிப்போயின. வெறும் தண்ணீரில் நனைந்ததைவிட, நனைந்தபின் மூடியிருந்ததுதான் அதிகச் சேதம்.

பூச்சிக்கு நம் வீடுகளில் வசம்பு, காய்ந்த வேப்பிலை, நொச்சி எல்லாம் துணியில் முடிந்து போடுவார்கள். நானும் போடுகிறேன், காகிதத்தில் படாமல் பெட்டியின் மூலையில், ஆறு மாதத்துக்கு ஒருமுறை மாற்றி. ஆனால் ராமபாணமும் பாச்சையும் வராமல் காப்பது அதைவிட முக்கியமாக இரண்டு விஷயம்: ஈரம் இல்லாமை, அடிக்கடி திறந்து பார்ப்பது. பரணும் சரியில்லை, தரையை ஒட்டிய அலமாரியும் சரியில்லை. கோடையில் பரண் அடுப்பாக இருக்கிறது, ஐப்பசி கார்த்திகையில் தரை ஓதம் ஏறுகிறது. எங்கள் வீட்டில் உள்சுவரை ஒட்டிய இரும்பு பீரோவின் நடுத் தட்டில் வைத்திருக்கிறேன். அமிலம் இல்லாத அட்டைப்பெட்டியும் தாளும் ஆன்லைனில் கிடைக்கின்றன. விலை கொஞ்சம் கூடுதல்தான். எல்லாவற்றுக்கும் வாங்க முடியாதவர்கள் கடிதங்களுக்கு மட்டுமாவது வாங்கலாம், மற்றவற்றைத் துவைத்த வெள்ளைப் பருத்தித் துணியில் சுற்றலாம். செய்தித்தாளில் சுற்ற வேண்டாம், அதிலிருக்கும் அமிலம் பக்கத்துக் காகிதத்தையும் பழுப்பாக்கும்.

ஒரு சிட்டையில் உயிருள்ள பூச்சி இருந்தது. அதை இரண்டு பாலிதீன் பைக்குள் காற்றுப் புகாமல் கட்டி, ஃபிரீசரில் இரண்டு வாரம் வைத்தேன். வெளியே எடுத்ததும் பையைப் பிரிக்காமல் ஒரு நாள் முழுக்க விட்டு, குளிர் போனபிறகு பிரிக்க வேண்டும், இல்லாவிட்டால் காகிதத்தில் நீர் கோத்துக்கொள்ளும். போட்டோக்களை இப்படிச் செய்ய வேண்டாம்.

படமெடுக்க ஸ்கேனர் இருந்தால் நல்லது. எழுத்துக்கு 300 டிபிஐ, போட்டோவுக்கும் பொடி எழுத்துக்கும் 600. போன்தான் இருக்கிறது என்றாலும் பரவாயில்லை. காலை வெளிச்சத்தில் ஜன்னல் பக்கத்தில், ஃபிளாஷ் இல்லாமல், காகிதத்துக்கு நேர்மேலே போனைப் பிடித்து எடுங்கள். எழுதாத பின்பக்கத்தையும் எடுங்கள். ஐயாவின் கடிதங்களில் பின்பக்கம் அப்பத்தா பால் கணக்கு எழுதி வைத்திருக்கிறார், அவர் கையெழுத்து எங்களிடம் இருப்பது அங்கே மட்டும்தான். கோப்பின் பெயர் காகிதத்தின் பென்சில் எண்ணோடு தொடங்கட்டும். அப்புறம் மூன்று பிரதி, இரண்டு வகை இடத்தில், ஒன்றாவது வேறு ஊரில். என்னுடைய முதல் ஹார்ட் டிஸ்க் பதினான்கு மாதத்தில் செத்துப்போனது. அண்ணன் வீட்டில் ஒரு பிரதி இருந்ததால் தப்பித்தேன். கொளுத்திவிடலாம் என்று சொன்ன அதே அண்ணன்.

வீட்டில் வைக்க முடியாது, அடுத்த தலைமுறைக்கு ஆர்வம் இல்லை என்று நினைப்பவர்கள் நூலகங்களைக் கேட்டுப் பார்க்கலாம். எங்கள் ஊருக்குப் பக்கத்திலுள்ள கோட்டையூரில் ரோஜா முத்தையா என்ற தனிமனிதர் வாழ்நாள் முழுக்கச் சேர்த்ததுதான் இன்று சென்னை தரமணியில் அவர் பெயரிலேயே ஆராய்ச்சி நூலகமாக இருக்கிறது. அவர் புத்தகங்களோடு நாடக நோட்டீஸ், கல்யாணப் பத்திரிகை என்று பிறர் தூக்கிப்போடுவதையும் சேர்த்தவர். புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம், பிரிட்டிஷ் நூலகத்தின் திட்டமொன்றில், கிராமத்துக் குடும்பங்களிடமிருந்த பழைய பஞ்சாயத்து ஆவணங்களைப் படமெடுத்து அசலை வீட்டுக்காரர்களிடமே திருப்பிக் கொடுத்தது. புதுச்சேரி என்றதும் ஆனந்தரங்கப் பிள்ளை நாட்குறிப்பு நினைவுக்கு வருகிறது. 1736-ல் தொடங்கி எழுதிய அந்தக் குறிப்புகள் அவர் வம்சத்தார் வீட்டில் கிடந்து, 1846-ல்தான் வெளியார் கண்ணில் பட்டுப் பிரதி எடுக்கப்பட்டன. நடுநடுவே சில காலத்துப் பகுதிகள் கிடைக்கவில்லை. ஒரு வீட்டுப் பெட்டி எவ்வளவு காலம் காக்கும், எவ்வளவு காக்காது என்பதற்கு அதையே கணக்காக வைத்துக்கொள்ளலாம்.

மூன்றாவது சிட்டைக்கு வருகிறேன். உள்ளங்கை அகல நோட்டு, தையல் விட்டு, ஏடுகள் தனித்தனியாக இருந்தன. விசு வருஷம் தையில் தொடங்குகிறது. ஐயா ரங்கூனைவிட்டுப் புறப்பட்டதிலிருந்து ஊர் வந்து சேர்ந்தது வரைக்கும். பயணக் கதை இருக்கும் என்று ஆசையோடு திறந்தேன். ஒரு வாக்கியம்கூட இல்லை. எல்லாம் பற்று வரவு. கணக்கெழுதியே பழகிய மனுஷன், உயிருக்கு ஓடும்போதும் கணக்குதான் எழுதியிருக்கிறார். ப்ரோம் வரை வண்டிக்கு இவ்வளவு. அரிசி இவ்வளவு. மலையேற்றத்தில் தண்ணீருக்குக் காசு, ஒரு சொம்பு இரண்டு அணா, மறுநாள் நாலு அணா. குடை விற்ற வரவு. கைக்கடிகாரம் விற்ற வரவு. டாங்கப் கணவாய் தாண்டிக் கடற்கரைக்கு வந்து, அங்கிருந்து படகில் அக்கியாப், அப்புறம் சிட்டகாங். அந்த மாசியில் அந்த வழியெல்லாம் காலரா. லட்சக்கணக்கான இந்தியர்கள் பர்மாவிலிருந்து கிளம்பி, வழியில் இறந்தவர்களுக்குச் சரியான கணக்கு இல்லாத காலம்.

மாசி ௰௫ தேதியில் இரண்டு வரிகள். "௸யாருக்கு மருந்து, அரைக்கால்." அடுத்த வரி, "௸யாருக்குக் கோடி, ௹ ஒன்றே கால்."

கோடி என்றால் கோடித்துணி, இறந்தவர்மேல் போர்த்துகிற புதுத் துணி. யாருக்கு? மேற்படியாருக்கு. மேற்படியார் யார்? அந்த ஏட்டில் பெயர் இல்லை. நான் பென்சிலில் போட்டிருந்த எண்ணைப் பின்னோக்கித் தள்ளிக்கொண்டே போனேன். நான்கு ஏடு முன்னால், ப்ரோமில் அரிசி வாங்கின வரியில், ஒரு பெயரும் பக்கத்து ஊர் விலாசமும் இருந்தன. "இன்னாருக்கும் எனக்கும் அரிசி." அதற்குப் பிறகு எல்லா வரியிலும் ௸, ௸ என்று அவரையே சுமந்துகொண்டு வந்திருக்கிறது. ஏடுகளை முன்புபோலக் கலைத்திருந்தால் அந்தக் கோடித்துணி யாருக்கு என்று யாராலும் சொல்லியிருக்க முடியாது.

அத்தையிடம் பெயரைச் சொன்னேன். வெகுநேரம் பேசாமல் இருந்தார். "அந்த வீட்டு அப்பத்தா நம்ம வீட்டுக்கு வந்து வந்து கேக்கும்த்தா. ஐயா வெளிய வரவே மாட்டாக. 'வழியில பிரிஞ்சுட்டோம்'னுதான் சொல்லிவிட்டாக." ஏன் அப்படிச் சொன்னார் என்று அத்தைக்கும் தெரியவில்லை. காட்டுவழியில் போட்டுவிட்டு வந்தேன் என்று அந்த அம்மாளின் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாமல் இருந்திருக்கலாம்.

அத்தை 2022-ல் காலமானார். அதற்கு முன்பே என்னிடம் ஒரு வேலை சொல்லியிருந்தார். வழியில் இறந்தவருடைய மகள் அந்த வீட்டில் இருக்கிறார், தகப்பன் கப்பலேறும்போது வயிற்றுப் பிள்ளையாக இருந்தவர், போய்ச் சொல்லு என்று. எனக்குத் தயக்கமாக இருந்தது. எண்பது வருஷம் கழித்து இதைக் கொண்டுபோய்க் கொடுப்பது நல்லதா என்று தெரியவில்லை. முதலில் அவர் மகனிடம் பேசி, அம்மாவுக்குத் தெரியலாமா என்று கேட்டேன். அவர் இரண்டு நாள் கழித்து வரச் சொன்னார்.

அந்த ஏட்டின் அசலையும் பெரிதாக எடுத்த நகலையும் கொண்டுபோயிருந்தேன். அந்த ஆச்சி திண்ணையில் உட்கார்ந்திருந்தார். இறந்த நாள் தெரியாததால் அவர் அப்பாவுக்கு மகாளய அமாவாசையில்தான் இத்தனை வருஷமும் திதி கொடுத்து வருகிறார்களாம். விசு வருஷம், மாசி 15 என்றேன். மகன் குறித்துக்கொண்டார், பஞ்சாங்கம் பார்க்கிறவரிடம் திதி கணித்து வாங்க. ஆச்சி நாளைப் பற்றி எதுவும் கேட்கவில்லை.

"துணி போட்டாகளா?" என்றார்.

"போட்டாங்க ஆச்சி. கோடித்துணி. எழுதியிருக்கு."

ஏட்டை வாங்கி, படிக்கத் தெரியாவிட்டாலும், விரலால் அந்த வரியைத் தடவிப் பார்த்தார். "எவ்வளவுன்னு போட்டிருக்கு?"

"ஒண்ணே கால் ரூபாய்."

உள்ளே எழுந்து போனார். கொஞ்ச நேரம் கழித்து வெற்றிலை பாக்கில் நூற்றியோரு ரூபாய் வைத்துக் கொண்டுவந்து நீட்டினார். வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தேன். "எங்க அப்பாவுக்குச் செஞ்ச கடன்த்தா அது. வாங்கிக்க" என்றார்.

வாங்கிக்கொண்டேன். வீட்டுக்கு வந்து, பட்டியல் நோட்டின் கடைசிப் பக்கத்தில் தேதி போட்டு, அந்த ஏட்டின் எண்ணுக்கு நேராக, ௷ என்று எழுதித் தொகையைப் பதிந்தேன்.